சாந்த் பாஷா மகள் எழுதிய பரீட்சை

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச்சந்தில் சாந்த் பாஷாவின் ரொட்டிக் கடை தெரியாது என்று ஒருவர் சொன்னால், அந்தக் காலத்தில் அவர் ஊருக்குப் புதியவராகத்தான் இருக்க வேண்டும். முன்னால் நாலைந்து கண்ணாடி ஜாடி, பின்னால் விறகு எரிக்கும் பெரிய அடுப்பு. கடை அவ்வளவுதான். வல்லத்திலிருந்தும் தொண்டூரிலிருந்தும் கடலை மூட்டையோடு வருகிற குடியானவர்கள் திரும்பிப் போகும்போது பிள்ளைகளுக்குப் பன்னும் பொறையும் அங்கேதான் வாங்குவார்கள். அவருடைய பொறை டீயில் முக்கினால் உடனே கரைந்து விழாது. கொஞ்சம் நேரம் தாக்குப்பிடிக்கும். அதில் மனிதருக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

அந்த மனிதருக்கு ஊரில் எதிரி என்று யாரும் கிடையாது, பூசணத்தைத் தவிர. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் இன்று சுட்ட ரொட்டி நாளை மறுநாள் பச்சை பூத்துவிடும். கூடையோடு எடுத்துப்போய் மாட்டுக்குக் கொட்டும்போது வாய்விட்டுத் திட்டுவார். "நெருப்புல வெந்து வந்த பண்டம். இதுல எங்கிருந்து வந்து குந்துது இந்தச் சனியன்?" கேட்டவர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள். அவருடைய மகள் பக்ருன்னிசா மட்டும் சிரிக்கவில்லை. சின்ன வயதிலிருந்தே அவளுக்கும் அது தெரிந்தாக வேண்டியிருந்தது.

திண்டிவனத்துக்குத் தினம் பஸ்ஸில் போய்வந்து பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்தாள். அதற்கு மேல் மெட்ராஸில், பல்கலைக்கழகத்தில், உணவு அறிவியலும் தொழில்நுட்பமும் என்று ஒரு படிப்பு இருக்கிறது, அதில் இடம் கிடைத்திருக்கிறது என்று அவள் வந்து சொன்னபோது வீட்டில் பெரிய ரகளையே நடந்தது. தாய்மாமன் கௌஸ் பாஷாதான் முதலில் ஆரம்பித்தார். கைவசம் ஒரு மாப்பிள்ளையையும் வைத்திருந்தார் அவர்.

"சோறாக்கக் கத்துக்கறதுக்கு மெட்ராசுல ரெண்டு வருசமா? நம்மூட்டு அடுப்புக்கு இன்னா கொறச்சல்?"

"சோறாக்க இல்ல மச்சான். சோறு ஏன் கெட்டுப்போவுதுன்னு பாக்கறதுக்கு" என்றார் சாந்த் பாஷா.

"கெட்டுப்போனா கொட்டிட்டுப் போறது. அதுக்கு ஒரு படிப்பா?"

"அடுப்புக்கு முன்னால நான் நின்னது போதும். அடுப்புக்குள்ள இன்னா நடக்குதுன்னு எம் பொண்ணு பாத்துட்டு வந்து சொல்லட்டும்."

அவளுக்கு ஒரு அண்ணன் உண்டு, ரியாசுதீன். பத்தாவதோடு படிப்பை விட்டுவிட்டு மாவு பிசைய வந்தவன் அவன். தங்கச்சி மேலே படிப்பதில் அவனுக்குப் பெருமைதான். டிரங்குப் பெட்டியைத் தோளில் சுமந்துபோய் மெட்ராஸ் பஸ்ஸில் ஏற்றியவனும் அவனே. இதை ஏன் முன்னாலேயே சொல்கிறேன் என்றால், பிறகு அவன் செய்த காரியத்தைக் கேட்டுவிட்டு யாரும் அவனைக் கல்நெஞ்சக்காரன் என்று நினைத்துவிடக் கூடாது.

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை சாந்த் பாஷா மெட்ராஸ் போவார். இஸ்திரி போட்ட வெள்ளை ஜிப்பா, கையில் ஒரு தகர டின், டின் நிறையப் பொறை. ஹாஸ்டல் வாசலில் ஒரு வேப்பமரம் இருந்தது. பார்க்க வருகிறவர்களுக்கு அதன் நிழல்தான் கூடம். உட்கார்ந்ததும் முதல் கேள்வி, "இந்த மாசம் இன்னா கத்துக்கின?"

அவள் சொல்வாள். மாவில் தண்ணீர் சேர்ந்ததும் உள்ளே வலை மாதிரி ஒன்று உருவாவதைச் சொல்வாள். பூசணம் என்பது உயிருள்ளது, காற்றிலேயே மிதந்துகொண்டிருக்கிறது, ரொட்டி அடுப்புக்குள் இருக்கும்போது அல்ல, வெளியே வந்து ஆறும்போதுதான் அது வந்து உட்காருகிறது என்பாள். அவர் வாயைத் திறந்துகொண்டு கேட்பார். ஊருக்கு வந்ததும் பன் வாங்க வந்தவர்களை நிறுத்தி வைத்து அத்தனையையும் ஒப்பிப்பார். பக்கத்து டீக்கடை ஜெயராமன் ஒருநாள், "பாய், பொறைய மட்டும் குடு. பாடம் வாணாம்" என்று கையெடுத்துக் கும்பிட்டாராம்.

படிப்பில் அவளுக்கு மிகவும் பிடித்தது ருசி பார்க்கும் வகுப்புதான். மூன்று கிண்ணம் வைப்பார்கள். இரண்டில் இருப்பது ஒன்றே. மூன்றாவதில் ஏதோ ஒரு சிறு மாற்றம் இருக்கும், ஒரு சிட்டிகை உப்போ ஒரு நாள் பழைய மாவோ. எது வேறு என்று சொல்ல வேண்டும். பக்ருன்னிசா தவறவே மாட்டாள். பேராசிரியை சாமுண்டீஸ்வரி அம்மாள், "இந்தப் பொண்ணு நாக்கு இருக்கறப்போ நமக்கு மெஷின் எதுக்கு?" என்று எல்லோர் முன்பும் சொன்னார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதைக் கேட்ட சாந்த் பாஷாவுக்குத் தலைகால் புரியவில்லை. "எங்க கடை ரொட்டி தின்னு வளந்த நாக்கும்மா அது" என்றார்.

இரண்டாம் வருஷம் அவள் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டதே ரொட்டிப் பூசணம்தான். ஆறுவதற்கு முன் மூடக் கூடாது, வெட்டுகிற கத்தியைக் கொதிநீரில் போட வேண்டும், மாவில் கால்சியம் புரொப்பியனேட் என்கிற உப்பு கொஞ்சம் சேர்த்தால் மழைக்காலத்திலும் ரொட்டி பல நாள் தாங்கும். எல்லாவற்றையும் தன் கையாலேயே செய்து பார்த்தாள். அத்தாவிடம் இதை இப்போதே சொல்லிவிடக் கூடாது, பரீட்சை முடிந்து ஊருக்குப் போய் அவர் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று செய்துகாட்ட வேண்டும் என்று ஆசையாக அடக்கி வைத்திருந்தாள்.

எண்பத்தாறு ஏப்ரல் கடைசியில் பரீட்சை ஆரம்பித்தது. இரண்டாவது பேப்பருக்கு முந்தின நாள் காலை, செஞ்சியில் அடுப்பிலிருந்து தட்டை இழுத்துக்கொண்டிருந்த சாந்த் பாஷா மார்பைப் பிடித்துக்கொண்டு மாவு மூட்டை மேல் சரிந்தார். வீட்டுக்குத் தூக்கிவந்தார்கள். டாக்டர் வந்து ஊசி போட்டார். அசைக்க வேண்டாம், பார்க்கலாம் என்றார். கொஞ்சம் தெளிந்ததும் சாந்த் பாஷா மகனைக் கூப்பிட்டு, "பக்ருவக் கூப்புடாத. பரீட்சை எழுதட்டும்" என்றார். அன்று பொழுது சாயும் முன் உயிர் போய்விட்டது.

மறுநாள் காலையில் அடக்கம். எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் மய்யித்தைக் காக்க வைக்கும் வழக்கம் கிடையாது. ஆனாலும் ஒருவர் உடனே கிளம்பியிருந்தால் விடிவதற்குள் மெட்ராஸ் போய் மகளைக் கூட்டிவந்திருக்கலாம், ஜமாத்தும் கொஞ்சம் பொறுத்திருக்கும். கேட்கவும் கேட்டார்கள். ரியாசுதீன் ஒரே வார்த்தை சொன்னான். "அத்தாவோட வஸியத்து." சாகப்போகிறவர் கடைசியாகச் சொல்லிவிட்டுப் போவதுதான் வஸியத்து. அதற்கு மேல் யார் என்ன பேசுவது? அந்த வார்த்தை எல்லோர் வாயையும் அடைத்தது. படிக்கவே அனுப்பக் கூடாது என்று குதித்த கௌஸ் பாஷாகூட, "மய்யித்து வாக்கு. மீறக் கூடாது" என்று சொல்லிவிட்டார்.

ஆகவே தகப்பனைக் கபரில் இறக்கிய நேரத்தில், பக்ருன்னிசா மெட்ராஸில் உட்கார்ந்து பதப்படுத்தும் முறைகளைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தாள். நன்றாகவே எழுதினாள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை வந்தது. யாரும் போகாவிட்டால் அவள் சந்தேகப்படுவாள். ரியாசுதீன் டின்னை எடுத்துக்கொண்டு கிளம்பினான். சாவு விழுந்த வீட்டில் அடுப்பு மூட்டவில்லை, கடையும் திறக்கவில்லை. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் ஏதோ ஒரு கடையில் பொறை வாங்கி டின்னில் போட்டுக்கொண்டான். வேப்பமரத்தடியில் அவனைப் பார்த்ததும் அவள் முகம் கொஞ்சம் வாடியது.

"அத்தா வரலியா?"

"கடையில வேல. முடியலன்னாரு."

"ஒடம்பு நல்லா இருக்குதா?"

"இருக்குது."

அவள் டின்னைத் திறந்து ஒரு பொறையைக் கடித்தாள். மெல்வதை நிறுத்தினாள். இன்னொரு துண்டு எடுத்து முகர்ந்து பார்த்தாள்.

"ண்ணா, இது நம்மூட்டு ரொட்டி இல்லியே."

மூன்று கிண்ணத்தில் வேறானதைக் கண்டுபிடிக்கிறவள். அவளிடம் வந்து மாட்டிக்கொண்டோமே என்று ரியாசுதீன் விழித்தான். அப்படியே காலில் விழுந்து சொல்லிவிட்டிருக்கலாம். சொல்லத்தான் வாயெடுத்தான். "அடுப்பு இடிஞ்சிடுச்சி. மேல்வளைவு உள்ள வுழுந்திடுச்சி. கொத்தனார் வேல நடக்குது. அதான் அத்தா..." என்று வேறு ஏதோ வந்தது வாயில்.

அவள் நம்பிவிட்டாள். நாக்கு சரியாகத்தான் சொன்னது. வீட்டு அடுப்பு எரியவில்லை என்று அவ்வளவு தூரத்திலிருந்தே சொல்லிவிட்டது. ஏன் எரியவில்லை என்று சொல்ல நாக்கால் எப்படி முடியும்? அடுப்புப் புதிதாகக் கட்டுகிறார்கள் என்றதும் அவளுக்குச் சந்தோஷம்தான் பொங்கிவந்தது. ஓடிப்போய் அறையிலிருந்து ஒரு பொட்டலம் கொண்டுவந்தாள். சாமுண்டீஸ்வரி அம்மாளிடம் கேட்டு வாங்கி வைத்திருந்த உப்பு.

"நானே வந்து காட்டலாம்னு இருந்தேன். வாணாம், புது அடுப்புல மொத சூடே இதப் போட்டுச் சுடச் சொல்லு. கிலோ மாவுக்கு அரை ஸ்பூன், அதுக்கு மேல வாணாம். பூசணம் கிட்டயே வராதுன்னு சொல்லு. அத்தா மொகம் எப்புடி மாறுதுன்னு நல்லாப் பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லணும், ஆமா."

அவன் பொட்டலத்தை வாங்கி ஜிப்பாப் பையில் வைத்துக்கொண்டான். "சொல்றேன்" என்றான். அவள் கையைப் பிடித்துச் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள், பெருநாளுக்கு அத்தாவுக்கு மெட்ராஸிலிருந்து என்ன வாங்கிவரலாம் என்று. பார்க்கும் நேரம் முடிந்து காவலாளி மணியடித்தபோது அவன் தப்பித்தோம் என்று எழுந்தான். தெருவுக்கு வந்ததும் ஒரு சுவரோரம் உட்கார்ந்து அழுதானாம். யாரும் என்னவென்று கேட்கவில்லை. மெட்ராஸ் அப்படித்தான்.

பரீட்சை முடிந்த அன்று அவனே வந்து கூட்டிக்கொண்டு போனான். வீட்டுக்குப் போய் அம்மா மடியில் உட்கார வைத்துப் பதமாகச் சொல்வது என்று எல்லோரும் கூடி முடிவு செய்திருந்தார்கள். திண்டிவனத்தில் செஞ்சி பஸ் மாறினார்கள். வெள்ளரிப்பிஞ்சு விற்றுவிட்டுக் காலிக் கூடையோடு தனகோட்டி ஏறினாள். தினமும் சாந்த் பாஷா கடையில் பன் வாங்கித் தின்கிறவள். பக்ருன்னிசாவைப் பார்த்ததும் கூடையை அப்படியே போட்டுவிட்டு அவள் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"இப்பதான் வர்றியா கண்ணு? மவராசன் போயி இத்தினி நாளு ஆயிப்போச்சே. உன் மொவத்தக்கூடப் பாக்காம மண்ணுக்குள்ள வெச்சிட்டாங்களே!"

"யாரு?" என்று கேட்டாள் பக்ருன்னிசா. உண்மையிலேயே அவளுக்கு விளங்கவில்லை. அண்ணன் பக்கம் திரும்பினாள். "ண்ணா, யாரச் சொல்றாங்க?"

ரியாசுதீன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். "வூட்டுக்குப் போயி பேசிக்கலாம்" என்றான்.

அதுவே போதுமாக இருந்தது. தனகோட்டிக்கு அப்போதுதான் புரிந்தது. "ஐயோ, இந்தப் பொண்ணுக்குத் தெரியாதா? நான் பாவி, நான் பாவி" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. ஊருக்கெல்லாம் தெரிந்த ஒன்று சொந்த மகளுக்குத் தெரியாமல் இருக்கும் என்று யார்தான் நினைப்பார்கள்? பக்ருன்னிசா அழவில்லை. எந்த நாள் என்று மட்டும் கேட்டாள். தனகோட்டி சொன்னாள். பக்ருன்னிசா மனசுக்குள் பின்னோக்கிப் போய் அந்த ஞாயிற்றுக்கிழமையில் நின்றாள். அன்றைக்கு அத்தா இல்லை. அத்தா இல்லாத உலகத்தில் உட்கார்ந்துகொண்டு அவள் அத்தாவின் முகத்தைப் பார்த்துவந்து சொல்லச் சொன்னாள். பஸ் வளைவில் திரும்பிக் கோட்டை மலை தெரிந்தபோது அவளுக்கு வாந்தி வந்தது. ஜன்னல் பக்கம் அண்ணன் இடம் கொடுத்தான்.

வீட்டில் அம்மா ரோஷன் பீ வெள்ளைப் புடவையில், புருஷனை இழந்தவள் நாலு மாதத்துக்கு மேல் இருக்க வேண்டிய இத்தா இருந்தாள். உள்ளறையை விட்டு வெளியே வர மாட்டாள், வளையல் இல்லாத கை. இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுத அழுகையைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. மறுநாள் பக்ருன்னிசா அத்தாவைப் பார்க்க வேண்டும் என்றாள். கபர்ஸ்தானுக்குள் எங்கள் ஊர்ப் பெண்கள் போவதில்லை. ரியாசுதீன் அவளை ரோட்டோரம் மதில்சுவருக்கு வெளியே நிறுத்திவைத்துக் கையை நீட்டிக் காட்டினான். உள்ளே புது மண்மேடு இரண்டு மூன்று இருந்தது. "அந்த வேலிகாத்தான் செடி பக்கத்துல, அதோ" என்றான். எது என்று அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை. தெரிந்ததாகத் தலையை ஆட்டிவிட்டு வந்தாள்.

அண்ணன்மேல் அவளுக்கு ஆத்திரம் இல்லையா என்றால், கொள்ளைகொள்ளையாக இருந்தது. ஆனால் ஒவ்வொரு தடவையும் அந்த வஸியத்து வந்து குறுக்கே நின்றது. அத்தாவே சொன்னாராம். அத்தாவே அவளை வேண்டாம் என்று நிறுத்தினாராம், அவள் நன்மைக்காக. அவர் விருப்பப்படி நடந்திருக்கிறது, நாம் யார் அழ, என்று தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டாள். நோன்பு மாதம் முழுக்க அந்த ஒரு பிடியை விடாமல் பிடித்துக்கொண்டுதான் நாளைத் தள்ளினாள். அந்தப் பிடி மட்டும் இல்லாவிட்டால் அவள் என்ன ஆகியிருப்பாளோ.

ஆடியில் ரிசல்ட் வந்தது. முதல் வகுப்பு. அந்த மார்க்கை வைத்துத்தான் மறுவருஷம் மெட்ராஸில் ஒரு பிஸ்கட் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை கிடைத்தது அவளுக்கு. வெள்ளை கோட்டும் தலையில் முக்காடுமாக அவள் ருசி பார்த்துத் தலையசைத்தால்தான் சரக்கு லாரியில் ஏறும் என்ற நிலைமைக்கு வந்தாள். கௌஸ் பாஷா மாமாவே ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டார். ஆனால் அதெல்லாம் பிறகு. ரிசல்ட் வந்த அன்று ரியாசுதீன் தட்டு நிறைய மிட்டாய் வைத்துக்கொண்டு தெருவையே சுற்றி வந்தான். கொடுத்த இடத்திலெல்லாம், "அத்தா வஸியத்து வீண் போவல" என்று சொல்லிக்கொண்டே கொடுத்தான்.

பக்ருன்னிசா ஒரு மிட்டாயை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். அம்மா வாயில் அதைப் பிட்டுப் போட்டாள். "அத்தா கடைசியா ஆசப்பட்டது இதுதானேம்மா. அவரே கூப்புட வாணாம்னு சொன்னாரே, அத நெனச்சுத்தான் நான் உசுரோட இருக்கறேன்" என்றாள்.

ரோஷன் பீ மிட்டாயை விழுங்கவில்லை. வாயிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

"காலையில சொன்னாரும்மா அத" என்றாள். "நெஞ்சு வலி கொறஞ்சு கொஞ்சம் தெம்பா இருந்தாரு. எழுந்து கடைக்குப் போயிடலாம்னு நெனப்பு. அப்ப சொன்னது."

"அப்புறம்?"

"மத்தியானம் லுஹர் தொழுகைக்கு அப்புறம் வலி திரும்பிச்சி. பக்ரு வந்துட்டாளான்னு கேட்டாரு. நாங்க பேசாம இருந்தோம். மறுக்காவும் கேட்டாரு. உங்கண்ணன், வாணாம்னு நீங்கதானே சொன்னீங்கன்னான். அது காதுல வுழல. வாசலயே பாத்துகினு, வந்துட்டாளா, வந்துட்டாளான்னு. எனக்குத் தாங்கல. வந்துகினே இருக்கா, திண்டிவனம் தாண்டிட்டான்னு நாந்தான் சொன்னேன். அதுக்கு அப்புறம் கேக்கல. நம்பிட்டாரும்மா."

பக்ருன்னிசா எழுந்து வெளியே வந்தாள். நேராகக் கடைக்குப் போனாள். பின்கட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. மிட்டாய்த் தட்டைப் பக்கத்தில் வைத்துவிட்டு ரியாசுதீன் விறகு தள்ளிக்கொண்டிருந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் அம்மா சொல்லிவிட்டாள் என்று அவனுக்குத் தெரிந்துபோயிற்று. அவள் கேட்பதற்கு முன்பாகவே அவன் பேச ஆரம்பித்தான்.

"காலையில தெளிவா இருந்தப்ப சொன்னதுதானே வஸியத்து? அப்புறம் பேசினது வலியில பேசினது. ஒன்னக் கூட்டிகினு வந்திருந்தா பரீட்சை போயிருக்கும், பக்ரு. ரெண்டு வருசப் படிப்பு. அத்தா எவ்ளோ பாடுபட்டு அனுப்பினாரு. நான் இன்னா பண்ணுவேன், சொல்லு?"

அவள் கத்துவாள் என்று அவன் எதிர்பார்த்தான். கத்தியிருந்தால் அவனுக்கும் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் மிகவும் மெதுவாகத்தான் சொன்னாள்.

"பரீட்சை வருசா வருசம் வரும்ணா. அடுத்த வருசம் எழுதியிருப்பேன்."

ரியாசுதீன் கையிலிருந்த விறகைக் கீழே போட்டான்.